பாலியில் காபி: வாருங்கா, கஃபேயா, கையோடு ஃபில்டரா?

பாலித் தீவின் உபுட் ஊரில் முதல் நாள் காலை. ஐந்தரை மணி இருக்கும், டிகாஷன் வாசனை மூக்கில் ஏறித் தூக்கம் கலைந்தது. பார்த்தால், விடுதி அறையின் சின்ன மேசைமேல் எவர்சில்வர் ஃபில்டர். பக்கத்தில் ஈரோட்டில் அரைத்து, இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு ரப்பர் பேண்டால் இறுக்கிய காபித்தூள். அம்மா ஃபில்டர் தலையில் ஒரு தட்டு தட்டி, டிகாஷன் இறங்குகிறதா என்று காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இந்த ஊர்க் காப்பிய நம்பி நான் வரலைடா” என்றார்.

திருநெல்வேலிக்கே அல்வா கட்டிக்கொண்டு போன கதைதான். உலகத்தில் காபி அதிகம் விளையும் நாடுகளில் இந்தோனேசியா முன்வரிசையில் இருக்கிறது. பாலித் தீவிலேயே மலைப்பக்கம் போனால் காபித் தோட்டம். அங்கே போய் ஈரோட்டுத் தூளைக் குடிப்பதா என்று எனக்கு ரோஷம். ஏழு நாளும் தேடித் தேடிக் குடித்தோம். இப்போது பாலிக்கு டிக்கெட் போட்ட ஒவ்வொருவரும் “காபிக்கு என்னப்பா பண்ணினீங்க?” என்று கேட்பதால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

முதலில் பணக்கணக்கு. நம் நூறு ரூபாய்க்கு ஏறக்குறைய 18,000 முதல் 19,000 ருபியா வரும். ரோட்டோரக் கடையில் கறுப்புக் காபி 5,000 முதல் 10,000 ருபியா, அதாவது முப்பதிலிருந்து ஐம்பது ரூபாய். பளபள கஃபேயில் பால் காபி 35,000 முதல் 50,000. விலைக்குப் பக்கத்தில் இரண்டு ப்ளஸ் குறி போட்டிருந்தால் உஷார். வரி 10 சதவீதம், சர்வீஸ் சார்ஜ் ஐந்திலிருந்து பத்து சதவீதம் என்று பில்லில் தனியாக ஏறும். பணத்தைவிட முக்கியம் நேரம். உபுடிலிருந்து கடற்கரைப் பக்கம் வர 35 கிலோமீட்டர் என்று மேப் காட்டும். போக்குவரத்தில் மாட்டினால் ஒன்றரை மணி நேரம் போய்விடும். ஆகவே தீவிலேயே சிறந்த காபிக்கடை எது என்று கேட்பதில் பிரயோசனம் இல்லை. தங்கியிருக்கும் இடத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

நடந்து போகிற தூரத்தில் நிச்சயம் இருப்பது வாருங். சின்னச் சாப்பாட்டுக்கடை, பெட்டிக்கடை எல்லாவற்றுக்கும் அங்கே அதுதான் பெயர். போர்டில் ‘வாருங்’ என்று படிக்கும்போதெல்லாம் ‘கள்’ளை யாரோ முழுங்கிவிட்டார்கள் என்று தோன்றும். அங்கே போய் ‘கோப்பி’ என்று சொன்னால் போதும், யாழ்ப்பாணத்துக்காரர்கள் சொல்கிற மாதிரியே. வருவது கோப்பி துப்ருக். கண்ணாடி டம்ளரில் மாவு மாதிரி அரைத்த தூள் இரண்டு ஸ்பூன், சர்க்கரை இரண்டு ஸ்பூன், அதன்மேல் கொதிக்கிற தண்ணீர். ஒரு கலக்கு, மேலே ஒரு மூடி, அவ்வளவுதான். வடிகட்டி கிடையாது, பாலும் கிடையாது.

வாயருகே கொண்டு போகாதீர்கள். நான் கொண்டு போனேன். முதல் மடக்கிலேயே வாய் நிறைய மண்டி, பல்லிடுக்கெல்லாம் தூள். கடைக்கார அம்மா, அங்கே ‘இபு’ என்று கூப்பிட வேண்டும், சிரித்துவிட்டு டம்ளரை என் கையிலிருந்து வாங்கி மறுபடியும் மூடியைப் போட்டு வைத்தார். மூன்று நான்கு நிமிடம் பொறுத்தால் தூள் அடியில் படிந்துவிடும். மேலே மிதக்கும் நுரைத்தூளை ஸ்பூனால் ஒதுக்கிவிட்டு, டம்ளரை ஆட்டாமல் சாய்த்துச் சாய்த்துக் குடிக்க வேண்டும். கடைசி ஒன்றரை விரற்கடையைத் தொடக்கூடாது. இரண்டாம் நாள் எனக்குப் பழகிவிட்டது. மூன்றாம் நாள் அந்த நான்கு நிமிடக் காத்திருப்பே பிடித்துப்போனது. கடை வாசலில் தென்னங்குருத்தில் பின்னிய சின்னத் தட்டில் பூவும் ஊதுபத்தியும். பக்கத்தில் சாமிக்கும் ஒரு குட்டி டம்ளர் காபி. அதற்கு மூடி போடவில்லை.

ருசி எப்படி? பெரும்பாலும் ரொபஸ்டா வகைக் கொட்டை, கறுக்க வறுத்தது. கசப்பும் கனமும் தூக்கல். மலிவான தூளில் மக்காச்சோளம் கலப்பதும் உண்டு. நம் ஊர்ச் சிக்கரி போல என்று வைத்துக்கொள்ளுங்களேன், சிக்கரிக்குப் பழகிய நாக்குக்கு அது பெரிய குற்றமாகத் தெரியாது. சில கடைகளில் ‘கப்பல் ஆப்பி’ என்ற கம்பெனி பாக்கெட்டைக் கிழித்துக் கொட்டுவார்கள், அதற்கு நீங்கள் அறையிலேயே இருக்கலாம். டப்பாவிலிருந்து ஸ்பூனில் அள்ளிப் போடுகிற கடையாகப் பாருங்கள். சர்க்கரை வேண்டாமென்றால் ‘கோப்பி பாஹித்’, கசப்புக் காபி. கொஞ்சம் போதுமென்றால் ‘குலா சடிகிட்’. இந்த இரண்டு சொல்லைத் தெரிந்துகொண்டு போகாவிட்டால் பாயசம்தான் கிடைக்கும். தொட்டுக்கொள்ள வாழைப்பழ வறுவல். அதிர்ஷ்டம் இருந்தால் லக்லக்: மண் அச்சில் ஊற்றிச் சுட்ட, உள்ளங்கையில் பாதி அகலத்துக்குப் பச்சை நிற அரிசிமாவு ஆப்பம், மேலே தேங்காய்த் துருவலும் வெல்லப்பாகும். அம்மா பாலி முழுவதிலும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்ட ஒரே பதார்த்தம் இது.

காபியை ஏற்றுக்கொள்ளவில்லை. பால் காபி கேட்டதற்கு ‘கோப்பி சூசு’ என்று டம்ளரின் அடியில் அரை அங்குலத்துக்கு டின் பால் ஊற்றிக் கொடுத்தார்கள். “ஏண்டா, இது கஷாயத்துல மில்க்மெய்டு ஊத்தின மாதிரி இல்ல இருக்கு?” என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. பசும்பால் காய்ச்சி ஆற்றித் தருகிற வழக்கம் வாருங்கில் கிடையாது. பால் இல்லாமல் காபி இறங்காது என்பவர்களுக்கு வாருங் சரிப்படாது. இந்த விஷயத்தில் சமாதானம் பேசிப் பயனில்லை.

அப்புறம் கஃபே. உபுட், செமின்யாக், சாங்கு மூன்று இடங்களிலும் இரண்டு தெருவுக்கு ஒன்று. ஆஸ்திரேலியாக்காரர்கள் வந்து வந்து, ஃப்ளாட் வைட் அங்கே உள்ளூர் பானம் மாதிரி ஆகிவிட்டது. எஸ்பிரெஸோவில் நுரை மெல்லியதாகப் பாலூற்றிய காபி அது. நம் நாக்குக்கு மெனுவில் மிக நெருக்கமான உறவுக்காரன். கப்புச்சினோ என்றால் நுரை மீசைதான் மிஞ்சும். ஃப்ளாட் வைட் கேளுங்கள், “எக்ஸ்ட்ரா ஹாட்” என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நமக்கு ஆறிப்போன மாதிரி இருக்கும். பரிமாறும் பையன் முகம் கொஞ்சம் சுருங்கும், பரவாயில்லை.

இந்தக் கஃபேக்களில் எதை நம்பிப் போவது என்பதுதான் கஷ்டம். மேப்பில் நான்கரை நட்சத்திரத்துக்குக் கீழே கடையே இல்லை. நட்சத்திரம் போட்டவர்களின் படங்களைத் தட்டிப் பார்த்தேன். பாதி நெல் வயல், கால்வாசி ஊஞ்சல், மிச்சம் ஸ்மூத்தி கிண்ணம். காபிக்கு விழுந்த நட்சத்திரம் எத்தனை என்று யாருக்குத் தெரியும்? அதனால் நான் வேறு வழியில் பொறுக்கினேன். கடையின் படங்களில் வறுக்கும் இயந்திரமோ, கொட்டை மூட்டையோ தெரிகிறதா என்று பார்ப்பேன். வறுத்த தேதியைப் பையில் அச்சடித்திருக்கிறார்களா என்று கடைக்குப் போய்க் கேட்பேன். எந்த மலைக் கொட்டை என்று கேட்டால் பதில் வருகிறதா என்று பார்ப்பேன். “அரபிக்கா சார்” என்று கொட்டையின் வகையை மட்டும் சொன்னால் தண்ணீர் பாட்டிலோடு எழுந்துவிடுவேன்.

இந்தச் சோதனையில் தேறியவற்றில் இரண்டு பெயர் சொல்கிறேன். உபுடில் ஸ்ரீவேதாரி தெருவில் செனிமான். சாதாரண பிளாஸ்டிக் நாற்காலிக்கு அடியில் வளைகட்டை பொருத்தி ஆடும் நாற்காலி ஆக்கியிருக்கிறார்கள், பழைய பாட்டிலை அறுத்து டம்ளர் செய்திருக்கிறார்கள், கொட்டையை அவர்களே வறுக்கிறார்கள். செமின்யாக்கில் ரிவால்வர். பெரிய தெருவிலிருந்து பிரியும் ஒரு முடுக்குச் சந்துக்குள் ஒளிந்திருக்கிறது. தெரியாதவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். நாங்களும் ஒருமுறை தாண்டினோம். செனிமானில் கிந்தாமணி என்ற பாலி மலைப்பகுதிக் கொட்டையைப் பால் இல்லாமல், காகித வடிகட்டியில் சொட்டுச் சொட்டாக இறக்கித் தரச் சொன்னேன். டீ நிறத்தில் வந்தது. முதல் வாய்க்கு ஏமாற்றம், இரண்டாவது வாய்க்கு எலுமிச்சைத் தோலைக் கிள்ளிய மாதிரி ஒரு வாசம், ஆற ஆற இனிப்பு. அம்மா ஒரு வாய் வாங்கிப் பார்த்துவிட்டு, “ரெண்டாந்தரம் எறக்குன டிகாஷன் இது” என்று தீர்ப்பு சொன்னார். எனக்கு அது ஏழு நாளில் குடித்த காபிகளில் முதலிடம். ஒரே வீட்டுக்குள் இவ்வளவு தூரம் இருந்தால் எனக்குப் பிடித்த கடை உங்களுக்கும் பிடிக்கும் என்று நான் எப்படிச் சொல்ல?

ஆனால் எல்லோருக்கும் பிடிக்கும் என்று துணிந்து சொல்லக்கூடியது ஒன்று இருக்கிறது. எஸ் கோப்பி சூசு குலா ஆரேன். பெயர்தான் நீளம். ஐஸ், பால், எஸ்பிரெஸோ, ஆரேன் என்ற ஒருவகைப் பனையின் வெல்லப்பாகு. அதாவது குளிரக் குளிர ஒரு கருப்பட்டிக் காபி. இந்தோனேசியா முழுக்க இளவட்டங்கள் கையில் இதுதான். மத்தியானம் இரண்டு மணி வெயிலில் சூடான காபிக்கு மனசு வராதபோது இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. கஃபேயை விடச் சின்ன ஜன்னல் கடைகளில் பாதி விலைக்கே கிடைக்கும்.

இனி வயிற்றெரிச்சல் விஷயம். லுவாக் காபி.

வண்டி ஓட்டுகிறவர் நெல் படிக்கட்டு வயலுக்குப் போகிற வழியில், “காபித் தோட்டம், பார்க்க இலவசம்” என்று நிறுத்துவார். எங்களையும் நிறுத்தினார். எந்தத் தோட்டம் என்று சொல்லப் போவதில்லை, எல்லாம் ஒரே அச்சு. நான்கு காபிச் செடி, ஒரு இரும்புச் சட்டியில் கொட்டையை வறுக்கிற பாட்டி, அப்புறம் கூண்டு. உள்ளே லுவாக். நம் ஊரில் மரநாய் என்கிறோமே, ராத்திரி தென்னை மரமேறும், கள்ளுப் பானையில் வாய் வைக்கும், அதே ஜாதி. பகல் பதினோரு மணிக்குச் சுருண்டு கிடந்ததை ஒரு பையன் குச்சியால் தட்டி எழுப்பினான், நாங்கள் படம் எடுக்க வேண்டுமாம்.

இது காபிப் பழத்தைத் தின்று, சதை செரித்து, கொட்டை எச்சத்தோடு வெளியே வரும். அதைக் கழுவிக் காயவைத்து வறுப்பது லுவாக் காபி. டச்சுக்காரர்கள் காலத்தில் ஜாவாவில் தோட்டக் கூலிகளுக்குச் சொந்தமாகக் காபி பறிக்க அனுமதியில்லை, அதனால் எச்சத்தைப் பொறுக்கினார்கள் என்று கதை சொல்வார்கள். காட்டில் தானாகத் திரிந்து, பழுத்ததாகப் பார்த்துத் தின்றால் அதில் ஒரு அர்த்தம் இருக்கலாம். கூண்டில் அடைத்துக் கிடைத்த பழத்தையெல்லாம் திணித்தால்? அது தனியாகத் திரிகிற, இரவில் உலாவுகிற, பலவகைப் பழமும் பூச்சியும் தின்கிற பிராணி. 2016இல் வெளியான ஓர் ஆய்வுக்காக ஆக்ஸ்ஃபர்டு ஆய்வாளர்கள் பாலியில் 16 தோட்டங்களின் கூண்டுகளைப் பார்த்தார்கள். விலங்கு நலனுக்கான அடிப்படைத் தேவைகளை ஒரு தோட்டமும் முழுசாக நிறைவேற்றவில்லை. இந்தக் காபியை 1991இல் மேல்நாட்டுக்கு முதலில் கொண்டுபோன டோனி வைல்ட் என்ற வியாபாரியே, பின்னாளில் இதை வாங்காதீர்கள் என்று பிரசாரம் செய்தார். ‘காட்டு லுவாக்’ என்று லேபிள் ஒட்டியிருப்பதைச் சரிபார்க்க நம்மிடம் வழியும் இல்லை.

இலவசமாகத் தரும் தட்டில் பத்துப் பன்னிரண்டு குட்டிக் கோப்பை வரும். எலுமிச்சம்புல் டீ, இஞ்சி டீ, வெனிலா காபி, தேங்காய்க் காபி. முக்கால்வாசி சர்க்கரை சேர்த்த பொடி. லுவாக்குக்கு மட்டும் தனிக் காசு, ஒரு கோப்பை 50,000 பக்கம். ருசியைச் சொன்னால் எண்ணெய்ப்பிசுக்கில்லாத, மழுங்கிய காபி. கசப்பு இல்லை, அதோடு வேறு எதுவும் இல்லை. குடித்ததும் கடைக்கு அழைத்துப் போவார்கள். 100 கிராம் பொட்டல விலையைக் கேட்டு அம்மா, “இதுக்கு நாலு கிலோ பீபெரி கொட்டை வாங்கலாமே” என்று சத்தமாகக் கணக்குப் போட்டார். வெளியே வந்தபோது எங்கள் வண்டிக்காரர் கவுண்டரில் எதையோ மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் பிழைப்பு. காலையில் வண்டி ஏறும்போதே “லுவாக் வேண்டாம்” என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது.

உண்மையான தோட்டம் பார்க்க வேண்டுமென்றால் கிந்தாமணி. பெயரைக் கேட்டதும் நமக்குச் சிந்தாமணி காதில் விழும். பாதூர் எரிமலையைச் சுற்றிய மேட்டு நிலம், உபுடிலிருந்து ஒன்று, ஒன்றரை மணிப் பயணம். காபிச் செடிக்கு நடுவே நடுவே ஆரஞ்சு மரம் நட்டிருப்பார்கள். நெல் வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் ‘சுபக்’ அமைப்பு கேள்விப்பட்டிருப்பீர்கள்; புன்செய்ப் பயிருக்கும் ‘சுபக் அபியான்’ என்று அதே மாதிரி விவசாயிகள் கூட்டு உண்டு, இங்கே காபி அவர்கள் கையில்தான். 2008இல் இந்தோனேசியாவிலேயே முதலாவதாகப் புவிசார் குறியீடு வாங்கியது கிந்தாமணி அரபிக்காதான். ஜூலை, ஆகஸ்டில் போனால் சிவந்த பழத்தைப் பறிப்பதும், தோல் நீக்கிக் கழுவுவதும் பார்க்கலாம். நாங்கள் போனது வேறு மாதம், பச்சைக் காய்தான் பார்த்தோம்.

சிக்கல் என்னவென்றால், எரிமலை விளிம்பில் இப்போது வரிசையாகக் கண்ணாடி கஃபேக்கள். பாலியின் தலைநகர் தென்பசாரிலிருந்து பைக்கில் வரும் பையன்களும் பெண்களும் நிரம்பி வழிகிறார்கள். காட்சி அள்ளிக்கொண்டு போகும், மறுக்கவில்லை. ஆனால் பத்து மணிக்குமேல் மேகம் வந்து எரிமலையை மூடிவிட்டால், காட்சிக்குக் கொடுத்த காசுக்கு மிஞ்சுவது காபிதான். நாங்கள் உட்கார்ந்த இடத்தில் அது சுமார். தோட்டத்துக்கு எதிரில் உட்கார்ந்து குடித்ததைவிட, உபுடில் ஆடும் நாற்காலியில் குடித்த அதே கிந்தாமணி எவ்வளவோ மேல். விடிகாலையில் பாதூர் ஏறப் போகிறவர்கள் இறங்கி வரும்போது ஒரு கோப்பை குடியுங்கள். காபிக்காக மட்டும் ஒரு நாளைச் செலவழிக்காதீர்கள்.

கடற்கரைக் கிளப்புகளின் காபி, விடுதியின் காலை பஃபே காபி இரண்டையும் ஒரு வரியில் முடிக்கலாம்: பட்டனை அமுக்கினால் வருவது காபி அல்ல.

தென்பசார் ஊருக்குள் சுற்றுலாப் பயணிகள் அதிகம் போவதில்லை, அது நல்லதாகப் போயிற்று. காஜா மடா தெருவில், பெரிய சந்தைக்குப் பக்கத்தில், ‘கூப்பு-கூப்பு போலா துனியா’ காபித்தூள்காரர்களின் பழைய கடை இருக்கிறது. 1935லிருந்து வருகிற பெயர். பூகோள உருண்டைமேல் வண்ணத்துப்பூச்சி படம். நம் ஊர் காபித்தூள் கடை வாசலில் நின்றால் அடிக்குமே, சட்டையில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வரும் வாசனை, அது அங்கே அடிக்கிறது. தூளும் விற்கிறார்கள், உட்கார்ந்து குடிக்கவும் இடம் உண்டு. வாருங்குக்கும் கஃபேக்கும் நடுவில் ஒன்று வேண்டுமென்றால் இதுதான். விமான நிலையத்துக்குப் போகிற கடைசி நாளில் வழியில் செருகிக்கொள்ளலாம்.

சரி, அம்மாவின் ஃபில்டர்? டிகாஷன் பிரமாதமாக இறங்கியது, பால்தான் தகராறு. தெருவுக்குத் தெரு இருக்கும் இந்தோமாரெட் கடைகளில் பசும்பால் அட்டைப்பெட்டி கிடைக்கிறது. அதைச் சூடாக்க அறையில் வெந்நீர் கெட்டில் தவிர எதுவும் இல்லை. கெட்டிலில் பாலை ஊற்றினால் அடிப்பிடித்து விடுதிக்குத் தண்டம் கட்ட வேண்டியதுதான். அம்மா பாலை டம்ளரில் ஊற்றி, டம்ளரைக் கொதிநீர் நிறைந்த கைகழுவும் தொட்டியில் நிற்கவைத்து, இரண்டு முறை நீரை மாற்றினார். வெதுவெதுப்பு வந்தது, ஆவி வரவில்லை. மொத்தத்தில் அரைமணி நேர வேலை. சமையலறை உள்ள வீடு எடுத்துத் தங்குகிறவர்களுக்கு இந்த வழி பொருந்தும். இன்னொரு கூட்டத்துக்கும் பொருந்தும்: மார்ச் மாதம் நியெபி சமயத்தில் போகிறவர்கள். மௌன நாளான அன்று 24 மணி நேரம் தீவே அடைப்பு, விமான நிலையம் உட்பட. தெருவில் இறங்கக்கூட விடமாட்டார்கள். அன்று ஃபில்டர் வைத்திருப்பவனே ராஜா.

மறுபடி போனால் நான் செய்யப்போவது: காலை ஆறரைக்கு, வாசலில் நாலு பைக் நிற்கிற வாருங்கில் துப்ருக். பைக் நிற்கிறதென்றால் வேலைக்குப் போகிறவர்கள் குடிக்கிறார்கள், தூள் தேங்காமல் ஓடுகிறது. இரண்டு நாளுக்கு ஒருமுறை, சாயங்காலம், சொந்தமாக வறுக்கிற ஏதாவது ஒரு கஃபே. வெயிலில் குலா ஆரேன். லுவாக் கிடையவே கிடையாது. அம்மா கூட வந்தால் ஃபில்டர், இந்தத் தடவை ஒரு சின்ன மின்சார அடுப்பும்.

காஜா மடா தெருவில் வாங்கும்போது நான் விட்ட தப்பையும் சொல்லிவிடுகிறேன். அரைக் கிலோ தூளாகவே வாங்கி வந்தேன். துப்ருக்குக்கென்று மாவாக அரைத்தது அது. ஈரோட்டில் ராத்திரி ஃபில்டரில் போட்டால் விடியும்வரை கீழே ஒரு சொட்டு இறங்கவில்லை, துளையெல்லாம் அடைத்துக்கொண்டது. “காசார்” என்று கேட்டு வாங்குங்கள். அந்த ஊர் பாஷையில் கொரகொரப்பு என்று அர்த்தம்.